மூடும் குறி வரும் வரை

ஜூன் 6, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு தங்கியிருப்பவர்கள் என்ன கடிதம் என்று கேட்டால் மின்சார பில் என்று சொல். படித்ததும் கிழித்துவிடு. நாலாக மட்டும் கிழிக்காதே, ஒட்டிப் படித்துவிடுவார்கள். பொடிப்பொடியாகக் கிழி.

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கால்விரல் எல்லாம் சில்லிட்டுவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பயம் பாதி, குளிர் பாதி.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பேனா வந்த அட்டைப்பெட்டியில் உன் முகவரி இருந்தது. அம்மா அதைத் தூக்கி எறியப் போனாள். பென்சில் போட்டு வைக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். போன் செய்திருக்கலாமே என்று கேட்காதே. நீ போன பிறகு அப்பா போனையே வேண்டாம் என்று எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அவருக்குப் பேச்சு திக்கும்போது எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறார்கள். "இனிமே இந்த வீட்டுல அது யா... யாருக்கு?" என்றார். முன்பெல்லாம் ஆபீஸ் போன் எல்லாவற்றையும் நீதானே பேசுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஆபீஸாக வைத்திருக்கிற முன்னறை போகப் போகிறது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. எல்லா வார்டுகளிலும் மாட்டி வைக்கிற மருந்துக் குறிப்புகள், மொத்தமும் ஒரே ஃபைல். அப்பா வழக்கம்போல முழுவதையும் மெமரியில் ஏற்றி மரமாகக் கட்டப் பார்க்கிறார். பாதி மரம் வளர்வதற்குள் மெஷினுக்கு இரைக்க ஆரம்பிக்கிறது. பிறகு திரை உறைந்து நின்றுவிடுகிறது. அப்பா அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ஃபைலைக் கையாலேயே துண்டு துண்டாக வெட்டியும் பார்த்துவிட்டார். வெட்டின இடத்தில் எந்தக் குறி திறந்தது, எது மூடவில்லை என்று அவருக்கே குழம்பிவிட்டது. நேற்று அம்மாவிடம், "இதுவும் முடியலைன்னா முன்னறையை ஒழிச்சுடலாம்" என்றார். அம்மா, "ஒழிச்சு?" என்றாள். "நல்ல சோ... சோபா ஒண்ணு போடலாம்." அம்மா சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

குண்டூசி என்று ஒருத்தி என் பக்கத்தில் உட்காருகிறாள். ஒல்லி, எல்லோரையும் குத்துவாள், அதனால் அந்தப் பெயர். அவள் கேட்டாள், "உங்கப்பா வீட்டுலயே உட்கார்ந்து அப்படி என்னதான்டி பண்றார்?" நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் புரியாது. மருந்தின் பெயர் இங்கே ஆரம்பிக்கிறது, இங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திறக்கும் குறி, பின்னால் ஒரு மூடும் குறி போட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அந்தக் குறிகள் இருக்கும். அந்த ஃபைலைப் படித்து அச்சுக்குப் போகிற பக்கங்களாக ஆக்குவதுதான் அப்பா வேலை. படிக்க இரண்டு வழி. அப்பா முழுதையும் மரமாகக் கட்டி நிறுத்திவிட்டு, பிறகு வேண்டிய கிளைக்கு ஏறி இறங்குவார். அக்காவுக்கு மரமே கிடையாது. ஃபைல் ஓடை மாதிரி ஓடிவரும். கரையில் நின்று, இது திறந்தது, எழுத்து வந்தது, இது மூடியது என்று வர வரப் பார்த்து, வேலையை முடித்து, ஓட விட்டுவிடுவாள். எதையும் சேர்த்து வைக்க மாட்டாள்.

"எது நல்லது?" என்றாள் குண்டூசி.

"அந்தச் சண்டையிலதான்டி அக்கா வீட்டை விட்டே போனா."

"எங்க வீட்டுல டிவி ரிமோட்டுக்குத்தான் சண்டை. நீங்க எல்லாம் பெரிய இடம்டி."

உன் புரோகிராம் இன்னும் உன் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. டிஸ்க்கின் மேல் 'ஓடை' என்று நீ எழுதின எழுத்துகூட அழியவில்லை. "அந்த டிஸ்க்கை யாரும் தொ... தொடக் கூடாது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் கோபம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதை ஓட்டினால் வேலை முடிந்துவிடும் இல்லையா? எப்படி ஓட்டுவது என்று எழுது.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அப்பா உன்னைப் போகாதே என்று சொன்னாரே அக்கா. எத்தனை கஷ்டப்பட்டுச் சொன்னார். அதைக் கேட்டுவிட்டும் எப்படி உன்னால் போக முடிந்தது?

பதிலைக் குண்டூசி வீட்டு முகவரிக்கு அனுப்பு. கீழே எழுதியிருக்கிறேன்.

உன் வாலு

*

ஜூன் 9

வாலு,

மின்சார பில் வந்து சேர்ந்தது. இன்னும் கிழிக்கவில்லை, மன்னித்துக்கொள். கடைசியாக நான் பார்த்தபோது உனக்கு 'ழ' எழுத வராது. இப்போது கடிதமே எழுதுகிறாய், அதுவும் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில். முதலில் போய் ஒரு சாக்ஸ் போட்டுக்கொள்.

நான் ரயில்வேக்கு அறிவிப்புப் பலகை செய்கிற ஆபீஸில் இருக்கிறேன். எந்த வண்டி கிளம்பியது, எது தாமதம் என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். முடிவே இல்லாத ஃபைல். இதற்கு மரம் கட்ட நினைத்தால் உலகத்தில் கடைசி ரயில் ஓடி முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கு ஏற்ற இடம்தான். வந்ததைப் பார், பலகையில் போடு, மற. நாள் முழுக்க மறந்துகொண்டே இருப்பதற்குச் சம்பளம்.

ஆனால் சில நாள் சாயங்காலம் அப்பாவின் மரம் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு வேலை செய்வோமே. அவர் மெஷினில் மரம் கட்டி முடித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது ஒரு இலையைத் தொட்டு, "இது யார் பிள்ளை?" என்று கேட்பேன். அவர் கிளை கிளையாக மேலே ஏறி அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று வேர் வரைக்கும் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குத் திக்காது, கவனித்திருக்கிறாயா? மற்றபடி ஒரு வார்த்தை பேசுவதற்குள் முழு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டி, ஒத்திகை பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பார். நாம் இரண்டு பேரும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். அம்மா மட்டும் பொறுக்க மாட்டாமல், "குழம்பா, ரசமா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பாள்.

மேஜைக்கு அடியில் நீ. நான் ஓடையில் ஒரு குறி திறக்கிறது என்று குரல் கொடுத்தால் ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைச் செருகுவாய். மூடுகிறது என்றால் ஒன்றை உருவுவாய். கடைசியில் உன் கையில் டம்ளர் மிஞ்சினால் ஃபைலில் எங்கேயோ ஒரு குறி மூடவில்லை என்று அர்த்தம். இந்த ஆபீஸில் அத்தனை சரியாக வேலை செய்கிற யாரையும் நான் பார்க்கவில்லை.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். உனக்கு ஞாபகம் பிசகியிருக்கிறது. அவர் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை.

அன்றைய சண்டைக்குக் காரணமான சங்கத்து உறுப்பினர் பட்டியலும் அப்பாவின் மரத்துக்கு அடங்காத ஃபைல்தான். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்து, அவர் இல்லாதபோது என் ஓடையில் ஓட்டி நானே கொடுத்தனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அச்சான தாள் ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்து நின்றார். "பே... பேர்..." என்று ஆரம்பித்தார். தன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வருகிறார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க பேர் கெடாம இருக்கத்தான் ராப்பகலா உட்கார்ந்து செஞ்சேன்" என்று கத்தினேன். "மரத்தைக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க, நான் போறேன்" என்றேன். அதற்கு அவர் சொன்னது "போ, போ." ஒரு தடவை சொல்லியிருந்தால் கோபத்தில் வந்தது என்று விட்டிருப்பேன். இரண்டு தடவை சொன்னார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நீ மேஜைக்கு அடியில் இருந்தாய். உனக்கு எப்படி வேறு மாதிரி கேட்டது?

டிஸ்க்கைத் தொடாதே. அது அவசரத்தில் எழுதியது. அதோடு அவர் மெஷின், அவர் வீடு, அவர் சொன்னால் சொன்னதுதான். நான் புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன், யார் எழுதியது என்று சொல்லாமல் எப்படியாவது கொடுத்துக்கொள். கொஞ்சம் பொறு.

அக்கா

*

ஜூன் 10, இரவு

அக்கா, அக்கா, அக்கா,

முடிந்துவிட்டது! உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள்.

நேற்று அப்பா கண் டாக்டரிடம் போயிருந்தார். போகும்போது தன் மரத்தை ஓட விட்டுவிட்டுப் போனார். அது உறைந்து நின்றதும் நான் உன் டிஸ்க்கைப் போட்டேன். எப்படி ஓட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீ பாட்டு மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாயே, அது என் விரலுக்கே தெரிந்திருந்தது. மெஷின் மூச்சுகூட வாங்கவில்லை. திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது என்று திரையில் வரிகள் ஓடின. நான் கையில் டம்ளர் இருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன்.

அப்பா வந்ததும், "நீங்க வெச்சுட்டுப் போனது முடிஞ்சிருச்சுப்பா" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "மெ... மெஷினுக்கு இன்னைக்கு நல்ல மூடு போல" என்றார். பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை, ஆனால் நிறையப் பார்த்தார். ஒரு பிழைகூட இல்லை.

அந்தக் குறிப்புகளை எழுதிய டாக்டரை நினைத்தால் சிரிப்பு வரும். எல்லாம் அதட்டல்தான். 'வெறும் வயிற்றில் கொடு.' 'அரிப்பு வந்தால் நிறுத்து.' 'கர்ப்பிணிக்குக் கொடுக்காதே.' அப்பா, "இவர் வீட்டுல பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் பே... பேசுவாரா?" என்றார். அம்மா, "எங்க வீட்டுல அந்தப் பாக்கியம்கூட இல்லை" என்றாள். நீ போன பிறகு அவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று ஷேவ் பண்ணிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், சிடியை ஆஸ்பத்திரி ஆளிடம் தன் கையாலேயே கொடுத்தார். மாதக் கடைசியில் அச்சாகி எல்லா வார்டிலும் மாட்டிவிடுவார்களாம். அவன் போன பிறகு அப்பா முன்னறையைப் பெருக்கினார். உன் நாற்காலியைத் துடைத்தார். துடைத்துவிட்டு அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 12

ஒட்டுவதற்குள் குண்டூசி உன் கடிதத்தைக் கொண்டுவந்துவிட்டாள். பாத்ரூமில் வைத்துப் படித்தேன். டிஸ்க்கைத் தொட்டதற்குத் திட்டாதே. வேலை நன்றாகத்தானே முடிந்தது.

ஆனால் அக்கா, நீ எழுதியிருப்பது தப்பு. எனக்கு ஞாபகம் பிசகவில்லை. அவர் "போ, போ" என்று சொல்லவில்லை. "போ... போ..." என்றார். அப்பாவுக்கு முதல் எழுத்துதானே எப்போதும் மாட்டும்? நீ பையை எடுத்தாய், கதவைச் சாத்தினாய். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு இருந்தது. நீ படிக்கட்டில் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மீதி வந்தது. "போகாதே." கதவைப் பார்த்துச் சொன்னார். இரண்டாவது தடவை திக்காமலே சொன்னார்.

உனக்குக் கேட்டிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அம்மா அப்போது தையல் பட்டறையில் இருந்தாள். அவளுக்கும் தெரியாது. என்னை யாரும் கேட்கவில்லை அக்கா. டம்ளர் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை யார் கேட்பார்கள்?

வாலு

*

ஜூன் 15

வாலு,

ஆபீஸ் தாளிலேயே எழுதுகிறேன், நல்ல தாள் தேட நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். உங்கள் வீட்டில் போன் இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்று நீ எழுதவும் இல்லை. அதனால் எல்லாம் உன் கையில் இருக்கிறது. நிதானமாகப் படி, ஆனால் நின்றுகொண்டே படி, படித்ததும் ஓட வேண்டியிருக்கும்.

என் ஓடையில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. மெஷின் ஃபைலை ஒரேயடியாகத் தருவதில்லை, வாளி வாளியாக மொண்டு தருகிறது. ஒரு வார்த்தைக்கு நடுவில் வாளி நிறைந்துவிட்டால் பாதி வார்த்தை இந்த வாளியில் வரும், மீதி அடுத்த வாளியில் வரும். மூடும் குறி வருகிற வரைக்கும் துண்டுகளைச் சேர்த்து வைத்து, அதற்கப்புறம்தான் எழுத வேண்டும். என் புரோகிராம் அப்படிச் செய்யாது. முதல் துண்டு வந்ததுமே அதுதான் முழு வார்த்தை என்று எழுதிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும். வாளி நடு வார்த்தையில் நிறைவது அபூர்வம். அதனால்தான் அப்பா பார்த்த பக்கங்களில் அகப்படவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு ஊர்ப் பெயர் பலகையில் பாதியாக நின்றபோதுதான் நானே கற்றுக்கொண்டேன். இங்கே திருத்தினேன். வீட்டு இழுப்பறையில் இருக்கிற டிஸ்க்கை யார் எடுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த டாக்டரின் அதட்டலை நினைத்துப் பார். 'கொடுக்காதே' என்பதில் 'கொடு' வரைக்கும் ஒரு வாளி, மீதி அடுத்த வாளி என்றால் தாளில் என்ன இருக்கும்? பார்க்கிறவர்களுக்கு அதில் தப்பே தெரியாது. நர்ஸ் அதைப் படித்துவிட்டுக் கொடுத்துவிடுவாள்.

அப்பாவிடம் உடனே சொல். என்ன நடந்தது, யார் டிஸ்க், யார் எழுதியது, எல்லாவற்றையும் சொல். இந்தக் கடிதத்தையே காட்டு. யாருக்கும் காட்டாதே என்பதெல்லாம் போதும். திட்டினால் வாங்கிக்கொள், ஆனால் தாள் வார்டுக்குப் போகக் கூடாது. மாற்ற வேண்டிய வரிகளை இதோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தின் பின்பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் நீட்டிய தாளில் யாரோ ஒருவருடைய பெயர் பாதியில் நின்றிருக்கிறது. அதைத்தான் "பேர்" என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் காத்திருக்க அந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். கடைக்காரர், வங்கிக்காரர், எல்லோரிடமும் "கொஞ்சம் இருங்க, அப்பா இன்னும் முடிக்கலை" என்று சொன்னவள் நான்.

முதலில் ஓடு.

அக்கா

*

ஜூன் 20, இரவு

அன்புள்ள அக்கா,

தாள் எந்த வார்டுக்கும் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ தூங்காமல் இருப்பாய்.

உன் கடிதம் வந்தபோது பள்ளிக்கூடம் விட்டுக் குண்டூசி வீட்டு வாசலில் நின்றேன். படித்ததும் கை கால் ஓடவில்லை. குண்டூசிதான் என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "நின்னுட்டு இருக்காதடி, ஓடு" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா முன்னறையில் இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ஓடி வரும்போதே யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. கடிதத்தை நீட்டினேன். "அப்பா, நான்தான்" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவர் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். எனக்கு அது ஒரு யுகம். திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "செ... செருப்பைப் போடு" என்றார். அவ்வளவுதான்.

நேராக ஆஸ்பத்திரித் தாள்களை அச்சடிக்கிற அச்சகத்துக்குப் போனோம், அங்கே மெஷின் காதைக் கிழித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி என்று சொன்னது பொய். இடம் காலியாக இருந்ததாம், முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். ஃபோர்மேன் கையில் மையோடு வந்தார்.

"அ... அ..." என்றார் அப்பா.

"அட்டை போடணுமா சார்?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். "அ... அச்..."

"அச்சு நல்லா வந்திருக்கு சார், பார்க்கறீங்களா? டேய், ஒரு தாள் எடு. அவசரமா? நாளைக்குக் காலையில வேணுமா?"

நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஃபோர்மேனிடம் நான், "கொஞ்சம் இருங்க, அப்பா இன்னும் முடிக்கலை" என்றேன். அது நான் சொன்னதா, நீ சொன்னதா, தெரியவில்லை. அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு நின்றார். அப்பா கண்ணை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அச்சை நிறுத்துங்க."

ஃபோர்மேன் ஒரு கணம் பார்த்துவிட்டு, ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். அந்த நிசப்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காயப் போட்டிருந்த தாள்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு தாளில் விரலை வைத்தார். வலி மருந்து ஒன்று. 'கைக்குழந்தைக்குக் கொடு.'

"என்ன சார், சரியாத்தானே இருக்கு?" என்றார் ஃபோர்மேன்.

நான் வெளியே போய் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு, மண்ணில்.

வீட்டுக்கு வந்ததும் உன் தனித் தாளை மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, 'ஓடை' டிஸ்க்கை அவரே எடுத்துப் போட்டார். நீ எழுதிய வரிகளை அடித்தார். அப்புறம் நீ எழுதாத சில வரிகளையும் சேர்த்தார். இப்போது அது ஓடையாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஒரு மருந்தின் குறி திறந்ததும் அந்த ஒரு மருந்துக்கு மட்டும் ஒரு சின்ன மரம் கட்டுகிறது. மூடும் குறி வந்ததும், எல்லாம் இருக்கிறதா, எது யார் பிள்ளை என்று ஒரு சுற்றுப் பார்த்து எழுதிவிட்டு, மரத்தைப் பிடுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. மெஷின் இரைக்கவே இல்லை. "ம... மரம் வேண்டாம். செடி போதும்" என்றார். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பாய். புதிய பக்கங்களையும் பழைய பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அறுபட்ட வார்த்தைகள் கைவிரலில் எண்ணுகிற அளவுதான். அதில் உயிரை எடுக்கிறது அந்த ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யார் செய்த தப்பு என்று அங்கே கேட்டதற்கு, "எங்க ஆபீஸ் தப்பு" என்றாராம். திருத்தியதை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வேலை தருவார்களா என்று தெரியாது. ஆனால் சோபா பேச்சு நின்றுவிட்டது.

பட்டறையிலிருந்து வந்த அம்மாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தார். அன்றைக்கு அப்பா சொன்னது "போகாதே", உனக்குக் கேட்டது "போ, போ" மட்டும்தான் என்று நானும் சொன்னேன். அம்மா படித்துவிட்டுக் கழுத்தில் தொங்கிய டேப்பாலேயே அவர் தோளில் அடித்தாள். "நீங்க துரத்திவிட்டீங்கன்னு நெனச்சு நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அப்பா சொன்னார். "அவளுக்குக் கே... கேட்டிருச்சுன்னு நெனச்சேன். கேட்டும் போயிட்டான்னு நெனச்சேன்."

அம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் அப்பா தனியாக வெளியே போனார். உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தாளின் தலையில் உன் ஆபீஸ் நம்பர் அச்சாகியிருக்கிறதே. முனையில் இருக்கிற கடைக்குத்தான் போயிருக்கிறார், போன் பேச. நம் அப்பா! திரும்பி வரும்போது சட்டை முழுக்க வேர்வை. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பேசினீங்களா?"

"ம்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொ... சொல்லலை."

"வெச்சுட்டாளா?"

அப்பா செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். "இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் வெ... வெச்சிருந்தா."

அவர் என்ன சொன்னார் அக்கா? எங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். அம்மா கேட்டால் சிரிக்கிறார். நான் கேட்டால், "ஃபிரிட்ஜை மூ... மூடிட்டுப் படு" என்கிறார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும் போல! இன்றைக்கு முன்னறையில் இன்னும் விளக்கு எரிகிறது. வேலை ஒன்றும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார். அம்மா படுக்கவில்லை, ஏற்கெனவே தைத்த தலையணை உறையைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் விழித்திருக்கிறோம். நீயாவது எழுது. முழுதாக எழுது. அவர் திக்கின இடம்கூட விடாமல்

யாரோ வாசல் கதவைத் தட்டுகிறார்கள்.

குண்டூசி இந்த நேரத்தில் வர மாட்டாள். ஆஸ்பத்திரி ஆளும் இல்லை, அவன் பெல்லைத்தான் அடிப்பான். அம்மாவின் தையல் மெஷின் நின்றுவிட்டது. அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கிறார். அக்கா, இந்தக் கடிதத்தை நான் தபாலில் போட வேண்டியிருக்காதோ? அப்பா தாழ்ப்பாளை